நடுவில் ஒன்பது அங்குலம்

பாண்டியம்மாள் பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வந்ததாகப் பெருமாநல்லூர் சாலையிலிருந்த அந்தப் பனியன் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், செக்கிங் மேஜைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு டி-சர்ட்டை விரித்துக் கழுத்து, தோள், அக்குள், அடிமடிப்பு என்று விரலை ஓட்டி வருவாள். ஒரு தையல் தவறியிருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். உடனே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, அம்பின் முனை குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டித் திருத்தத்துக்குத் தள்ளிவிடுவாள். அளவு பார்ப்பதென்றால் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் டேப் வைப்பாள். மற்றவர்கள் ஒரு இடத்தில் வைத்துவிட்டு அடுத்த பீஸுக்குப் போய்விடுவார்கள்.

"யக்கா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைக்கும் அம்பு ஒட்டித்தான் திருப்பி விட்டியளாமே?" என்பான் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துத் தையல்காரன். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஆமா. மூணு பேரு வந்தாங்ய. மூணுமே அளவு கம்மி. நீ உன் கழுத்துப்பட்டியப் பாத்துத் தையி."

முப்பத்துநாலு வயதில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தது தங்கை சித்ராதேவி மட்டும்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாவோடு திருப்பூருக்கு வந்தபோது சித்ராவுக்குப் பதினொரு வயது. ஐந்து வருஷத்தில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு சித்ராவைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்ததும், அதே கம்பெனியில் சாம்பிள் பிரிவில் சேர்த்துவிட்டதும் பாண்டியம்மாள்தான். தங்கையைப் பற்றி யாராவது நல்லது சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு "உங்க தங்கச்சி" என்று ஆரம்பிக்க வேண்டும். வெறும் "சித்ரா" என்று ஆரம்பித்தால் காதில் ஏதோ உறுத்தும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் சித்திரையில், ஊத்துக்குளிக்கு அப்பால் சுண்டக்கரடு என்ற சிறு குன்று பற்றி எரிந்தது. பீடியை அணைக்காமல் போட்டதால் என்றார்கள் சிலர். புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆடு மேய்க்கிறவர்களே வைத்தது என்றார்கள் சிலர். மூன்று நாள் எரிந்ததில் காய்ந்த புல், கிளுவை, ஊஞ்சை மரங்கள் எல்லாம் கருகிக் கரடு மொட்டையாக நின்றது. வைகாசியில் மழை வந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வேர் இல்லை. செம்மண்ணும் சாம்பலும் சேர்ந்து இறங்கி, கரட்டடியிலிருந்து வரும் ஓடையின் கரைகளை அறுத்து, கீழே இருந்த குட்டையில் போய் நிரம்பின. அந்த ஊர்க்காரர்கள் ஓடையைப் பள்ளம் என்பார்கள். குட்டையின் ஒரு ஓரம் முழுக்கச் சம்பங்கோரை நிற்கும். தாழைக்கோழி அதற்குள் குஞ்சு பொரிக்கும். எருமைகள் கழுத்தளவு கிடந்து ஊறும். ஒரே மழையில் அது சாந்து கொட்டிய தரை மாதிரி ஆகிவிட்டது.

கம்பெனி முதலாளி மகுடேஸ்வரனுக்கு அதுதான் சொந்த ஊர். ஆனி மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டார். "ஞாயித்துக்கிழமையானா வேன் போகுதுங்க. பள்ளத்தையும் குட்டையையும் சரி பண்ணோணும். சம்பளம் கிடையாதுங்க, சோறு மட்டும்தான். இஷ்டப்பட்டவங்க வரலாமுங்க. வராதவங்கள நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முதல் ஞாயிறு நாற்பது பேர் போனார்கள். இரண்டாவது ஞாயிறு பதினெட்டு. அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்று நிலைத்துவிட்டது. அக்காளும் தங்கையும் ஒரு ஞாயிறும் விடவில்லை. கரட்டுச் சரிவில் சோளத்தட்டைப் பரப்பிப் புல் விதை தூவினார்கள். குட்டை வாயில் அடைத்த மண்ணைக் கூடைகூடையாக அள்ளினார்கள். கோரை நின்ற மூலையை மட்டும் தொடவில்லை. குட்டைக் கரையிலும் பள்ளத்துக் கரையிலும் நொச்சிக் குச்சி நட்டார்கள். பாண்டியம்மாள் நட்ட நொச்சி வரிசை, நூல் பிடித்த மாதிரி என்று சொல்லத் தேவையில்லை, உண்மையிலேயே நூல் பிடித்து நட்டது. குட்டையை ஒட்டிக் காடு, அதாவது விளைநிலம், வைத்திருந்த ஆத்தப்பனும் அவர் மனைவி நஞ்சம்மாளும் அதை வந்து நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி, குச்சிக்குக் குச்சி அளந்தீங்களா?" என்றார் ஆத்தப்பன்.

"ஒரு சாணு, நாலு விரக்கடைங்க. எங்க வேணா டேப் வச்சுப் பாருங்க."

அன்று நஞ்சம்மாள் கொண்டுவந்த மோரில் முதல் டம்ளர் பாண்டியம்மாளுக்கு வந்தது.

புரட்டாசியில் பெரிய ஷிப்மென்ட். செக்கிங்கில் இருந்தவர்களுக்குத் தொடர்ந்து இரண்டு ஞாயிறு வேலை. சாம்பிள் பிரிவுக்கு வேலை இல்லாததால் சித்ரா மட்டும் போனாள். இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் தொப்பலாக நனைந்து, முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். முகம் மட்டும் பளபளவென்றிருந்தது.

"அக்கா, பள்ளத்துல மழையில நின்னு பாத்தேன்க்கா. ஆத்தப்பன் அய்யா மொதல்ல அடுக்குன கல்லு இருக்குல்ல, அதுல தண்ணி எப்படிப் போச்சு தெரியுமா? ஓரத்துல—"

"மொதல்ல தலையத் துவட்டு. சளி புடிச்சு ரெண்டு நாளு படுத்தேன்னா லீவு எவ போடுறது?"

"இல்லக்கா, நடுவுல மட்டும்—"

"துவட்டுங்கிறேன்ல."

பதினான்கு மணி நேரம் நின்ற கால் பாண்டியம்மாளுக்கு வலித்தது. தான் இல்லாத இடத்தில் தங்கைக்கு அவ்வளவு பளபளப்பு வந்திருந்தது அதைவிட வலித்தது. சித்ரா துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு வேனை விட்டு இறங்கியதும் பாண்டியம்மாளுக்குப் புரிந்துவிட்டது, நிலைமை மாறிப்போயிருந்தது. பள்ளத்தின் குறுக்கே, குட்டைக்கு ஐம்பது அடி மேலே, ஒரு கல்கட்டு எழுந்திருந்தது. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லை. கரட்டுக் கல்லை ஒன்றோடொன்று கோத்து, இரு முனைகளையும் கரைக்குள் தோண்டிச் செருகி வைத்திருந்தார்கள். ஓடிவரும் தண்ணீர் அங்கே வேகம் தணிந்து மண்ணைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். எல்லோரும் அதைச் "சித்ரா கட்டு" என்றார்கள்.

"போன ஞாயிறு மழை விட்டதும் சித்ரா நின்னு சொன்னபடி அடுக்குனோமுங்க. அதுக்கப்பறம் பேஞ்ச மழைக்குக் கல்லு ஒண்ணு அசையல," என்றார் மகுடேஸ்வரன். "மேல இன்னும் ஆறு கட்டு போடோணும். ஆறையும் சித்ராவே நின்னு போடட்டும்னு இருக்கறனுங்க."

"சின்ன அம்மிணிக்குத் தண்ணியோட கொணம் தெரியுது," என்றார் ஆத்தப்பன்.

மோர் வந்தது. முதல் டம்ளர் சித்ராவுக்குப் போனது. நஞ்சம்மாள் அடுத்த டம்ளரை நீட்டியபடி, பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருத்தியிடம் சொன்னாள். "இவங்க சித்ராவோட அக்காங்கொ."

பாண்டியம்மாள் அந்த மோரை வாங்கிக் குடித்தாள். உப்புப் போதவில்லை என்று பட்டது. பதினோரு வருஷமாக இந்தச் சித்ரா "பாண்டியம்மா தங்கச்சி." ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், கம்பெனி வாசலில், எங்கும். இரண்டே ஞாயிற்றில் பேர் தலைகீழாகிவிட்டது. அன்று முழுக்க அவள் நொச்சி வரிசையிலேயே குனிந்து கிடந்தாள். நிமிர்ந்த நேரமெல்லாம் கண் கல்கட்டுக்குத்தான் போனது. தூரத்திலிருந்து பார்க்கும்போது அதன் மேல்விளிம்பு நடுவில் தொய்ந்த மாதிரி தெரிந்தது. துணி காயப்போட்ட கயிறு மாதிரி. யாருக்கும் தெரியவில்லையா? அல்லது சித்ரா செய்தது என்பதால் தெரியாத மாதிரி இருக்கிறார்களா?

ஆயுத பூஜைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, கம்பெனி லீவு. சித்ரா தோழிகளோடு டவுனுக்குப் போனாள். பாண்டியம்மாள் ஊத்துக்குளி பஸ் ஏறினாள். பையில் இஞ்ச் டேப், ஒரு நூல்கண்டு, பழக்கத்தால் எப்போதும் கிடக்கும் அம்பு ஸ்டிக்கர் தாள்.

பள்ளத்தில் யாரும் இல்லை. கட்டின் இடது முனையில் டேப் வைத்தாள். மூன்று அடி. வலது முனை, மூன்று அடி. நடுவில் வைத்தாள். இரண்டே கால் அடி.

இன்னொரு தடவை வைத்தாள். இரண்டே கால்தான். ஒன்பது அங்குலம் கம்மி!

பல நாளாக நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. கால் அங்குலம் போனாலே பீஸைத் திருப்பி அனுப்புகிற கம்பெனியில் வேலை செய்கிறவள், ஒன்பது அங்குலத்தை விட்டிருக்கிறாள். இதற்குத்தான் முதல் டம்ளர் மோர். இதைத்தான் ஆறு கட்டுக்கு மாதிரியாக வைக்கப் போகிறார்கள். சொல்லிக்கொடுத்தால் ஆயிற்று. ஆனால் வாயால் சொன்னால் "சித்ராவுக்குத் தெரியாதுங்களா" என்று ஒருத்தர் கேட்பார். செய்து காட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நிற்கும்போது சொல்ல வேண்டும். "இதுல ஒரு குறை இருந்துச்சுங்க. நான் திருத்திட்டேன்." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தட்டையான கல்லாகத் தேடித் தேடி எடுத்து வந்தாள். பெரியது அடியில், சிறியது மேலே, நல்ல முகம் வெளியே பார்க்கிற மாதிரி, மடித்து அடுக்கிய பனியன் போல அடுக்கினாள். முனைக்கு முனை நூல் கட்டிப் பார்த்தாள். மூன்று மணி நேரம் ஆனது. இடது மூன்று, நடு மூன்று, வலது மூன்று. கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. தான் செய்ததை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. சித்ரா ஜன்னலோரம் நின்று, "பள்ளத்துல இப்ப தண்ணி வந்திருக்கும்ல?" என்றாள். "வரட்டும்," என்று பாண்டியம்மாள் அரிசி களைந்தாள். அன்று அவளுக்குத் தங்கை மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

ஞாயிறு காலை வேன் நின்றபோது ஆத்தப்பன் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக "வாங்க, வாங்க" என்பவர் பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார். எல்லோரும் பின்னால் நடந்தார்கள்.

கல்கட்டு அப்படியே நின்றது. ஒரு கல் அசையவில்லை. ஆனால் இடது பக்கம் கரையே இல்லை. தண்ணீர் கட்டின் மேல் நெடுகப் பரவி, முனையைச் சுற்றி, ஈரமண்ணைக் கரைத்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வழி வெட்டிக்கொண்டு போயிருந்தது. அங்கே நின்ற நொச்சி வரிசை, ஒரு சாண் நாலு விரற்கடை கணக்கில் நட்ட அத்தனையும், வேரோடு போய்விட்டது. கரை மண் முழுக்கக் குட்டை வாயில் கிடந்தது. நாலு ஞாயிறு அள்ளிய மண்.

"எங் காட்டுல அஞ்சு அடி போச்சுங்க," என்றார் ஆத்தப்பன். சத்தம் போடவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "கட்டே இல்லாம இருந்தப்பக்கூட இப்படிப் போகல. இனி எங் கரையோரத்துல கட்டு வேண்டாமுங்க மகுடேஸ்வரா. சின்னப் புள்ள பேச்சக் கேட்டு ஆடிப்போட்டோம்."

எல்லோரும் சித்ராவைப் பார்த்தார்கள். சித்ரா கல்கட்டைப் பார்த்தாள். இறங்கிப் போய் நடுவில் இருந்த கற்களைத் தொட்டாள். பெரியது அடியில், சிறியது மேலே, நல்ல முகம் வெளியே. அந்த அடுக்கை இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் சித்ராவுக்குத் தெரியும். வீட்டில் அலமாரித் துணியும், அடுப்படி விறகும், ரொட்டி டப்பாவும்கூட அந்த மாதிரிதான் இருக்கும்.

சித்ரா நிமிர்ந்து அக்காளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆத்தப்பனிடம் திரும்பினாள்.

"என் தப்புதாங்கய்யா. நடுவுல தண்ணி போக வழி விட்டு, தாழ்வா வச்சிருக்கணும். கவனிக்காம ஒசத்திட்டேன். கரைய நானே கட்டித் தர்றேங்கய்யா."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். மகுடேஸ்வரன், "விடு கண்ணு, செய்யறவங்களுக்குத்தான் தப்பு வரும்," என்றார். நஞ்சம்மாள் வந்து சித்ராவின் தோளில் கை வைத்தாள். "ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணுமுங்கொ," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

பாண்டியம்மாளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். ஆனால் அது நிற்கவில்லை. அதன் பின்னாலேயே கொதித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. நான் செய்ததை இவள் தலையில் வாங்கிக்கொள்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாள். நான் வளர்த்தது என்னைக் காப்பாற்றுகிறது! கட்டுப் போட்டாலும் பேர் இவளுக்கு, தப்பு செய்தாலும் பேர் இவளுக்கு. இப்போது வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினால், சாகும்வரை இவளுக்குக் கீழேதான்.

அதை மட்டும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

பையைத் திறந்தாள். பள்ளத்துக்குள் இறங்கி, ஈரக்கல்லை முந்தானையால் துடைத்து, சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்து ஒட்டினாள். அது ஈரத்தில் நிற்காமல் விழுந்தது. இன்னொன்றை ஒட்டிக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இவ சொல்றது பொய்யிங்க. குறை இங்க இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து நடுவுல ஒம்பது இஞ்ச் ஏத்துனது நான்."



"எதுக்குங்க?" என்றார் மகுடேஸ்வரன்.

"அளவு கம்மியா இருந்துச்சுங்க. மூணு எடத்துல வச்சுப் பாத்தேன்."

"கேட்டிருக்கலாமுல்லீங்க?"

இதற்குப் பதில் அவளிடம் இருந்தது. எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடியதாக இல்லை. ஆத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா அளந்தீங்க அம்மிணி," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அன்று மோர் வரவில்லை.

வேனில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பெருமாநல்லூர் நெருங்கும்போதுதான் சித்ரா வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நனைஞ்சுட்டு வந்து இதத்தான் சொல்ல வந்தேன். தண்ணி ஓரத்துக்குப் போனா கரைய அறுக்கும், நடுவுல தாழ்த்தி வச்சா நடுவுலயே விழுந்து போயிரும்னு. நீ துவட்டச் சொன்ன."

"நீ எதுக்கு உன் தப்புன்னு சொன்ன? யாரு கேட்டா உன்ன?"

"அக்கான்னு பாத்தேன்."

"பாக்காத. நான் உனக்குப் பாத்தாப் போதும்."

சித்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று பாண்டியம்மாளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறுகளில் அறுந்த கரையைக் கல்லும் மண்ணுமாக நிரப்பியது பெரும்பாலும் பாண்டியம்மாள்தான். நொச்சியை மறுபடி நட்டாள், அதே ஒரு சாண் நாலு விரற்கடை. நடுவில் ஏற்றிய கற்களைத் தானே இறக்கினாள். "போதும்க்கா," என்று சித்ரா சொன்ன இடத்தில் டேப் வைத்துப் பார்த்து, "எட்டரைதான் இருக்கு," என்று இன்னொரு கல்லை எடுத்தாள். ஆத்தப்பன் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாவது ஞாயிறு பக்கத்தில் வந்து பார்த்தார். அதற்கு அடுத்த ஞாயிறு, மற்ற ஆறு கட்டுக்கும் கல் ஏற்றித் தன் வண்டியை அனுப்பினார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு பகல் மழை அவர்கள் அங்கே இருக்கும்போதே பிடித்தது. எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள். பாண்டியம்மாள் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்றாள். செந்நிறத் தண்ணீர் கட்டுக்குப் பின்னால் ஏறி, கொஞ்சம் தயங்கி, நடுவில் தாழ்ந்த இடத்தைக் கண்டு அதன் வழியாக மட்டும் விழுந்தது. இரண்டு முனையிலும் கல் தலை காட்டிக்கொண்டு நின்றது. பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை முதலில் பார்த்த கண் தன்னுடையதாக இல்லையே என்று, மழையில் நின்றபடியே அவளுக்கு இன்னொரு தடவை வயிறு எரிந்தது.

தை மாதம் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் தங்கள் ஊர்ப் பள்ளத்துக்கு யோசனை கேட்க வந்தார்கள். குட்டையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கோரைக்குள் தாழைக்கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மகுடேஸ்வரன் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கையைக் காட்டினார்.

"இதுதானுங்க சித்ரா கட்டு."

நொச்சிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் எழுந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து டேப்பை உருவினாள்.

"எழுதிக்கங்க. ரெண்டு முனையும் மூணு அடி. நடுவுல ஒம்பது இஞ்ச் கம்மி. அந்த ஒம்பத அளந்து விட்டது நான்."

"பள்ளத்துக்குப் பள்ளம் மாறும்க்கா," என்று தண்ணீரில் நின்ற சித்ரா சொன்னாள்.

"மாறட்டும். இதுக்கு ஒம்பது. நீ சும்மா இருடி."

வந்தவர்களில் ஒருவர் பேனாவை எடுத்தபடி கேட்டார். "நீங்க யாருங்க?"

நஞ்சம்மாள் மோர்ச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவ எந் தங்கச்சிங்க."